தோளைத் தொட்ட முடி

"ஊருக்கெல்லாம் முடி வெட்டுறீங்க. உங்க தலையை யாருண்ணே வெட்டுறது?"

நாற்காலியில் உட்கார்ந்ததும் எலக்ட்ரீஷியன் கேட்டார். சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். குனிந்தபோது சலூன்காரரின் முடி தோளிலிருந்து சரிந்து முன்னால் விழுந்தது. நரை ஓடியிருந்தாலும் நல்ல அடர்த்தியான முடி.

"சின்ன வயசுலேருந்தே எனக்கு இப்படித்தான் தம்பி. பழகிப்போச்சு."

யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் இதுதான். கேட்டவர்களும் "அதானே, உங்களுக்கு எப்பவுமே நீளமுடிதானே" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சலூனுக்கு வருகிறவனுக்குத் தன் கிருதா இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதே பெரிய கவலை. வெட்டுகிறவன் தலையை எவன் பார்க்கிறான்?

எலக்ட்ரீஷியன் தலையாட்டவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிதர் இந்தக் கடைப் படி ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் மாதம் தவறாமல் வருவார், மகளையும் கையில் பிடித்துக்கொண்டு. எட்டு வயதுப் பெண், வாய் ஓயாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு மோட்டார் சைக்கிள் அவளை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அதோடு இவர் சீப்பைத் தொடுவதையே விட்டுவிட்டார். தாடி நெஞ்சு வரைக்கும் வளர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

சலூன்காரர் முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். மதிய நேரம், கடையில் வேறு ஆளில்லை. சும்மா இருக்க முடியாமல் எலக்ட்ரீஷியன்தான் பேச்சை இழுத்தார். ஒத்தையாக் கடையைப் பார்த்துக்கிறீங்களே, உங்க பையன் எங்கே என்று கேட்டார். வெளியூரில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றார் சலூன்காரர். நல்ல வேலையா என்று கேட்டதற்கு, ஏதோ பிழைக்கிறான் என்று சொல்லிவிட்டு நுரையைக் குழைக்க ஆரம்பித்தார்.

திடீரென்று ஏன் சவரம் என்று அவரும் கேட்டு வைத்தார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. மனுஷன் மாதிரி போய் நில்லுங்கன்னு வீட்டுல சொன்னா. அந்த வண்டி கிடைச்சிடுச்சாம்ண்ணே."

கத்தி அப்போது எலக்ட்ரீஷியனின் தொண்டைக்குழியில் இருந்தது. சலூன்காரர் அதை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

வண்டி எங்கோ தூரத்து ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்ததாம். யார் யார் கை மாறி அங்கே போனது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். நாளைக்குள் முதல் சொந்தக்காரன் யார் என்பது தெரிந்துவிடுமாம். எலக்ட்ரீஷியன் இதையெல்லாம் அழாமல், கோபப்படாமல், ஃபியூஸ் போன கதையைச் சொல்வது மாதிரி சொன்னார்.

"ஓட்டினவன் முகத்தைத்தான் யாரும் பார்க்கலை. முனையில நின்ன வாட்ச்மேன் பின்னாலேருந்து பார்த்திருக்கான். தோள் வரைக்கும் முடின்னு மட்டும் அன்னையிலேருந்து அடிச்சுச் சொல்றான்."

சலூன்காரர் கத்தியைத் துடைத்து, மடக்கி, அலமாரியில் வைத்தார். பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவரின் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெட்டி விழுந்த தாடி மயிர் வேட்டியெல்லாம் ஒட்டியது. இரண்டு வருஷமாகத் தினமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான்.

"அந்த வண்டி என்னோடது தம்பி. ஓட்டினதும் நான்தான். குழந்தை குறுக்க வந்துட்டா, பிரேக் பிடிக்கலை. பயத்துல நிக்காம வந்துட்டேன்."



சலூன்காரர் தன் முடியை இரண்டு கையாலும் அள்ளி முன்னால் காட்டினார். "இதோ பாருங்க, இந்த முடியைத்தான் அந்த வாட்ச்மேன் பார்த்தான். இப்பவே போலாம் வாங்க. எந்தக் கோர்ட்டுல வேணா சொல்றேன். தூக்குல போட்டாலும் சரி."

அடிப்பார், உதைப்பார், கத்தியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாலும் இழுப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார் சலூன்காரர். எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது எலக்ட்ரீஷியன் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ சாகறதுக்கு முந்தின நாள் இந்தக் கடைக்கு என்கூட வந்திருந்தா. நீங்க என் பின்கழுத்துல மெஷின் போடக் குனிஞ்சப்ப, உங்க தலையைத் தடவிப் பார்த்துட்டு, 'அப்பா, மாமா தலை முள்ளு மாதிரி குத்துது'ன்னா. அவ விழுந்து விழுந்து சிரிச்சதை நான் இந்தக் கண்ணாடியிலதான் பார்த்தேன். அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்க்கலை."

துணியை அவிழ்த்து, மிச்ச நுரையைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்னைக்கு அந்த பெஞ்சுல உட்கார்ந்து, தோள் வரைக்கும் இருந்த முடியைச் சீவிக்கிட்டிருந்தானே உங்க பையன். அவன் இப்ப எந்த ஊர்ல இருக்கான்?"