ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கட்டைவிரல்

அவள் துப்பறியும் நாவல் எழுதுகிறவள். எதையும் தானே செய்து பார்க்காமல் அவளுக்கு எழுத வராது. நாவல் தொடங்கும் போதெல்லாம் தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கருப்புப் பொடியைத் தடவி, தெரிகிற கைரேகைகளை டேப்பில் ஒட்டி எடுப்பாள். காவல்துறையில் ரேகை நிபுணனாக இருக்கும் தம்பி வந்து பார்த்துக் குறை சொல்வான்.

போன நாவலின்போது, கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை வந்தது. குறுக்கே ஒரு தழும்பு. காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அவள் மகள், ஐந்து வயதில் தகர மூடியில் வெட்டிக்கொண்ட தழும்பு.

"பழைய ரேகையா இருக்கும்க்கா. நீ சரியாத் துடைச்சிருக்க மாட்ட," என்றான் தம்பி.

அவளும் தலையாட்டி வைத்தாள். அந்த ஃபிரிட்ஜை வாங்கியதே மகள் போன பிறகுதான்.

இந்த நாவலுக்கும் அதே கட்டைவிரல் வந்தது, போன தடவையைவிட ஒரு சாண் மேலே. தம்பி இரண்டு டேப்பையும் அருகருகே வைத்து, டீ ஆறிப்போகும்வரை லென்ஸ் வழியே பார்த்தான்.

"அதே ரேகை, அதே தழும்பு. ஆனா இது பெருசு."

"அப்படி ஆகுமா?"

"ரேகை கடைசிவரைக்கும் மாறாதுக்கா. கை வளர வளர, அதுவும் கூடவே பெருசாகும். அவ்வளவுதான்."

அவள் அதை அப்படியே நாவலுக்குக் குறித்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தம்பி சொன்னான்: "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மேல பாருக்கா. வளர்ற வயசு."