இடது கன்னம்

"மாமியாராகப் போற வயசுல மினுக்கு கேக்குதா அண்ணி உங்களுக்கு?"

சிகிச்சை அறைக்குள்ளும் கூடவே நுழைந்துவிட்ட நாத்தனார் விடுவதாக இல்லை.

"என் மூஞ்சி, என் இஷ்டம். உனக்கு எங்க எரியுது?" என்றாள் படுத்திருந்தவள்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லேசர் வைத்த இடது கன்னம் கன்றிச் சிவந்திருந்தது. அதன் மேல் ஆக்சிஜனைப் பனிபோலத் தெளிக்கும் குழாயை மெதுவாக நகர்த்தினாள்.

"இத்தனூண்டு மங்குக்கு லேசராம்! அதுவும் ஒரே கன்னத்துல! எந்த ஊரு நாகரிகமோ!"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சிவப்பு அடங்கிடுமா, சிஸ்டர்?"

"சில பேருக்குச் சீக்கிரம் அடங்கும்மா. சத்தியம் பண்ண முடியாது."

"அடங்கியே ஆகணும்."

"ஏன், வெள்ளிக்கிழமை எந்த மகாராஜா வர்றார்? வீட்டுல இருக்கற கவலை போதாதுன்னு இது வேற. எங்க அண்ணன் முகத்தையாவது நெனச்சுப் பாத்தீங்களா?"

"உங்கண்ணன் முகத்துக்கு லேசர் பத்தாதும்மா. உளிதான் வேணும்."

நாத்தனார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினாள்.

அழகுப் பைத்தியம் என்றுதான் நர்ஸும் நினைத்தாள். ஆனால் படுத்திருந்தவளின் கை படுக்கை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"உயிரே போகுது. வெளிய சொல்லிடாதீங்க."

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "நாளைக்கும் வாங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, என் சாப்பாட்டு நேரத்துல இன்னொரு தடவை இந்த ஆக்சிஜனைத் தெளிச்சு விடறேன்."

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்து நின்றபோது கன்னம் தெளிந்திருந்தது. நர்ஸ் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"படுங்கம்மா, கடைசியா ஒரு தடவை தெளிச்சிடலாம்."

"எனக்கு இல்ல சிஸ்டர். என் மகளுக்கு." அவள் விலகி நின்றாள்.

பின்னால், முகத்தைத் துப்பட்டாவால் மூடியபடி ஓர் இளம்பெண். தாயின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இறக்கினாள். இடது கன்னம் முழுக்கத் தீ சுட்ட தழும்பு.

"அடுப்பு வெடிச்சதுலேர்ந்து நான் வாசல் தாண்டல சிஸ்டர். லேசர்னாலே நடுக்கம். 'மொதல்ல உன் கன்னத்துல வெச்சுக் காட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறினா நானும் வர்றேன்'னு அம்மாகிட்ட பந்தயம் கட்டினேன். தோத்துட்டேன்" என்று சிரித்தபடி, அவளாகவே படுக்கையில் ஏறிப் படுத்தாள்.