கடிகாரத்தின் பாவங்கள்

அரங்கின் ஒலிபெருக்கியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

முன்வரிசை விருந்தினர்கள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

ஃபாதரின் மைக்.

அங்கியின் கழுத்துப்பட்டையில் அதை மாட்டிவிட்டதே நான்தான். "இப்பவே மாட்டிவிடு, அப்புறம் நேரம் இருக்காது" என்று சொன்னவர் பதிவாளர் சிஸ்டர். ஃபாதர் தலையாட்டிவிட்டு, அதோடேயே பக்கத்துச் சிற்றாலயத்துக்குப் போய், பாவங்களைக் கேட்கத் திரை போட்ட பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்.

இன்னும் ஒரு நொடி போயிருந்தால் யாரோ ஒருவரின் பாவம் ஊருக்கே ஒலிபரப்பாகியிருக்கும்.

என் முன்னிருந்த ஒலிக்கலவைப் பலகையில் அந்த மைக்கின் விசையை அடிமட்டம்வரை இறக்கினேன். அரங்கு அமைதியானது. சத்தம் நிஜமாகவே அதிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க ஹெட்ஃபோனைக் காதில் வைத்தேன்.

அதிலிருந்துதான்.

கழற்றப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகம் மிகவும் சிறியது. இந்தக் கட்டடத்தில் சண்டை போட்டால் அந்தக் கட்டடத்திலிருந்து சமாதானம் பேச ஆள் வந்துவிடும். இருக்கிற ஒரே ஃபாதர் இவர்தான். விடிந்ததும் திருப்பலி, பிறகு இறையியல் வகுப்பு, விடுதிக் கண்காணிப்பு, காய்ச்சல் வந்தவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, அழுகிறவளிடம் உட்கார்ந்து பேசுவது. போதாததற்கு வாரம் தவறாமல் ஏதாவது ஒரு பொதுநிகழ்ச்சி. நாற்காலிகளை வரிசைப்படுத்தியே எங்கள் இளமை கழிந்துவிடும் போலிருந்தது. அவருக்கு முதுமையே கழிந்துகொண்டிருந்தது.

போன மாதத் திருப்பலியில் அவர் ஒரே மன்றாட்டை இரண்டு தடவை சொல்லிவிட்டார். விஷயம் ஆயர் இல்லம்வரை, பிஷப்பின் காதுவரை போயிற்று. இனி ஒரு தடவை தடுமாறினால் ஓய்வு இல்லம்தான் என்று பேச்சு. அங்கே பேச்சுத்துணைக்குச் சுவர் மட்டும்தான் என்று ஃபாதர் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

இன்று முன்வரிசையின் நடுவில் ஆயரின் செயலர் உட்கார்ந்திருந்தார். ஆரம்ப ஜெபமும் வரவேற்புரையும் ஃபாதருடையவை.

பக்கக் கதவு வழியாகச் சிற்றாலயம் தெரிந்தது. தொட்டியின் திரைக்குக் கீழே ஒரு ஜோடி கறுப்புக் காலணிகள். பளபளவென்று துடைத்தவை. பதிவாளர் சிஸ்டர்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். ஒருமுறை காலி அரங்கில், மணி ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கருத்தரங்கைத் தொடங்கி வைத்தவர். எங்கள் நேர அட்டவணையைப் போடுகிறவரும் அவர்தான். அதில் ஃபாதரின் பெயர் இல்லாத கட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொட்டிக்கு வெளியே பாவசங்கீர்த்தன வரிசையில் நின்ற என் அறைத்தோழியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

"கடிகாரம் இன்னும் வெளிய வரல. இவ்ளோ பாவம் பண்ண அதுக்கு ஏதுடி நேரம்?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வேண்டிய வரலாற்றுப் பேராசிரியர் வழுக்கையைத் துடைத்தபடி வந்தார். "ஏம்மா, ஃபாதர் எங்க? செயலர் கொட்டாவி விட ஆரம்பிச்சுட்டார்."

"மைக்ல கோளாறு சார். இன்னும் கொஞ்சம் நேரமாகும்."

"போன வாரமும் கோளாறு. மைக்கை மாத்தி என்ன பண்றது, உன்னை மாத்தணும்."

ஒரு காதில் அவர். மறு காதில் ஹெட்ஃபோன்.

அவருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று சிற்றாலயத்துக்குள் போனார். வரிசையைத் தாண்டித் திரைக்குப் பக்கத்தில் நின்று, யாரும் செய்யத் துணியாததைச் செய்தார். தொண்டையைக் கனைத்தார்.

திரைக்குள்ளிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. அந்த இடத்தில் யாரும் அவ்வளவு உரக்கப் பேச மாட்டார்கள்.

"பொறுங்க சார். எனக்கு நிறைய இருக்கு."

வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. பேராசிரியர் காது சிவக்கத் திரும்பி வந்தார்.

நிகழ்ச்சி தாமதமாகத்தான் தொடங்கியது. சிஸ்டர் நேராகச் செயலரிடம் போய், தாமதம் தன்னால்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஃபாதர் மேடையேறினார். குரல் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு மன்றாட்டையும் ஒரே ஒரு தடவை சொன்னார். செயலர் தலையசைத்தார்.

கூட்டம் கலைவதற்குள் சிஸ்டரின் வாசகம் கேன்டீன்வரை போய்விட்டது. தேநீர் வரிசையில் யாராவது பின்னாலிருந்து நெருக்கினால், "பொறுங்க சார், எனக்கு நிறைய இருக்கு." அந்தச் சிரிப்புக்கு நடுவே சிஸ்டர் கையில் கோப்பையோடு நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

என் அறைத்தோழியும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஹெட்ஃபோனில் நான் ஒரு பாவத்தையும் கேட்கவில்லை.

கேட்டது குறட்டை. மெலிதான, களைத்த குறட்டை. கழுத்துப்பட்டையில் மைக் இல்லாவிட்டால் திரைக்கு வெளியே எட்டியிருக்காது. பேராசிரியர் கனைத்தபோது அது ஒரு கணம் தடுமாறியது. சிஸ்டர் உரக்கப் பதில் சொன்னார். அது மறுபடி தொடர்ந்தது.

பிறகு வெகுநேரம் அது மட்டும்தான்.

கடைசியில், இருவருக்கும் நடுவிலிருந்த மரத்தட்டியில் விரல்நகத்தால் மெல்லத் தட்டும் ஓசை. குறட்டை நின்றது.

"அவ்வளவுதான் ஃபாதர். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."