சுவக்கின் மாஸ்டரின் மாதிரிப் பாடம்

முப்பது வருடம் ஒற்றைப் பார்வையால் வகுப்புகளை அடக்கிய சுவக்கின் மாஸ்டர், இன்று தம் நாய்க்குக் கீழ்ப்படிவு கற்பிக்கிறார் என்பதை நாவலப்பிட்டி மக்களுக்குப் பெருமையுடன் அறியத்தருகிறோம். கூப்பிட்டால் வராத நாய் இந்த வீட்டு வளவில் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்ட வாடகை வீட்டின் சொந்தக்காரர், தூறலில் குடை பிடித்துக் வாசல் கேற்றடியில் நிற்கிறார். விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் நாயின் கவனம் சிதறாது என்பது மாஸ்டரின் கொள்கை. மாஸ்டர் முடிச்சுப் போட்ட காலுறையை எறிந்து, "மொதல்ல நான் செஞ்சு காட்டுறேன், பாரு" என்று தாமே சேற்றில் ஓடி எடுத்து வருகிறார். நாய் உட்கார்ந்தபடி, காது விறைக்கப் பார்க்கிறது. "ஜிம்மி, இப்ப நீ வா." வாலை மட்டும் ஆட்டுகிறது. "நல்லா கவனிக்குதுங்க," என்கிறார் மனைவி மேபல், கண்ணைத் துடைத்தபடி. "இன்னொருக்கா ஓடுங்க." "நாளைக்கு நாயை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க மாஸ்டர்," என்கிறார் வீட்டுக்காரர். காலுறையை ஏழாவது தடவையும் மாஸ்டரே எடுத்து வருகிறார்.