உறை மோர்

போன தடவை ரோஸ்லின் கொண்டுபோன தயிர், தீவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மோராகியிருந்தது. "அத்தான் துடுப்பு போட்டா மத்தே வேண்டாம்" என்று தங்கை பிலோமி சிரித்ததை ரோஸ்லினின் கணவன் பெர்க்மான்ஸ் மறக்கவில்லை. இந்தத் தடவை பாலாகக் கொண்டுபோய், வழியிலேயே உறையவைத்து, கட்டித் தயிராக இறக்குவதென்று சபதம். விடிந்ததும் கயாக்கைத் தள்ளினார்கள். முன்னால் ரோஸ்லின், மடியில் துணி சுற்றிய தூக்குச்சட்டி. பின்னால் அவன், தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோலத் துடுப்பை நீரில் இறக்கினான். பக்கத்தில் ஓங்கில்கள், டால்பின்கள்தான், கூட்டமாகத் துள்ளியபோதும் தலையைத் திருப்பவில்லை. பாதிக் கடலில் தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்த ரோஸ்லினின் கையில் உறை மோர்க் கிண்ணம் தட்டுப்பட்டது, நிறைய மோரோடு. அவன் ஊற்றியிருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள்; அவள் ஊற்றியிருப்பாள் என்று அவன்.

"உறைஞ்சிடுச்சாட்டி?" என்றான் பின்னாலிருந்து.

முதுகால் மறைத்துக்கொண்டு மோரைப் பாலில் ஊற்றினாள். "ஆகிட்டிருக்குங்க. ஒரு ஆட்டம் இல்ல, கோயில்ல உக்காந்த மாதிரி இருக்கு."

அதைக் கேட்டபின் கயாக் இன்னும் பூப்போலப் போனது. தீவு பெரிதாகிக்கொண்டே வந்தது. கரையில் பிலோமி கரண்டியும் கையுமாக நின்றாள். ரோஸ்லின் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். பால்.

"ஏங்க, தீவ ஒரு சுத்து சுத்திட்டு எறங்குவமா?"

"எதுக்குட்டி?"

"இவ்வளவு நல்லா போறப்ப அதுக்குள்ள எறங்கணுமா?"

அவன் துடுப்பை வலப்பக்கம் அழுத்தினான். கயாக்கின் மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. கரையில் பிலோமி கரண்டியை ஆட்டியபடி ஓடிவந்தாள். தீவு சின்னதுதான். எப்படியும் நாலு சுற்றாவது வேண்டியிருக்கும்.