வண்டியைக் குறை சொன்னவர்

கண்ணுசாமி உள்ளே வருவதைப் பார்த்ததுமே விற்பனைப் பெண் ஷாலினி கையிலிருந்த விலைப்பட்டியலைக் கீழே வைத்தாள்.

நாமக்கல் பைபாஸில் இருக்கும் அந்தக் கொரியா கார் ஷோரூமுக்கு அவர் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு நேராக இங்கே. சர்வீஸுக்கும் இல்லை, புது வண்டி வாங்கவும் இல்லை. சோபாவில் உட்கார்ந்து, கார் பார்க்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். பேச்சு சுற்றிச் சுற்றி வண்டியின் குறையில்தான் வந்து நிற்கும்.

மேனேஜர் சிவபிரகாஷ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த மாசம் எத்தனை புக்கிங்?"

"ரெண்டு சார்."

"போன வாரம் ஒரு பார்ட்டி பாதியில எந்திரிச்சுப் போச்சே, யாரால?" சோபா பக்கம் கண்ணைக் காட்டினார். "உன் கஸ்டமர்தானே அவரு. இனிமே வர வேண்டாம்னு நீயே சொல்லிடு. இல்லேன்னா திங்கட்கிழமை உன் வேலையைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

அவள் வெளியே வந்தபோது மாதையனும் அவர் மனைவி மயிலம்மாளும் சிவப்பு வண்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகனூர்ப் பக்கம் கரும்பு விவசாயம். வாங்கப்போகும் முதல் கார்.

"கொரியாக்காரன் வண்டி நல்லா ஒழைக்குதுன்னு எங்கூர்ல சொல்றாங்க," என்றார் மாதையன். "ரோட்டுல இருந்து எங்க ஊட்டுக்கு ஒரு மைல் மண்தடமுங்க. இந்த வண்டி போகுமுங்களா?"

"தாராளமா போகுங்க," என்றாள் ஷாலினி.

சோபாவிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் கண்ணுசாமி. "நானும் இந்தக் கம்பெனி வண்டிதான் வச்சிருக்கேன். ஏசி சும்மா ஜில்லுனு இருக்கும். நடுரோட்டுல ஒருநாளும் நின்னதில்லீங்க. ஆனா நீங்க பாக்கற இந்த மாடல் ரொம்பத் தாழ்வு. மழை பேஞ்சு தடத்துல பள்ளம் விழுந்தா அடி தட்டும்."

"பின்னால மூணு பேரு உக்காரலாமுங்களா?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

"உக்காரலாமுங்க. நடுவுல உக்காந்தவங்க ராசிபுரம் போறதுக்குள்ள இடுப்பைப் புடிச்சுக்குவாங்க."

மாதையன் மனைவியைப் பார்த்தார். இருவரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

ஷாலினிக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகக் கண்ணுசாமியிடம் போனாள்.

"ஐயா, உங்களுக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணினேன்? வண்டி பிடிக்கலைன்னா புகார் எழுதிக் குடுங்க. இங்க உக்காந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க. அடுத்த வாரம் வராதீங்க."

"புடிக்கலைன்னு யாரு சாமி சொன்னது?" அவர் குரல் ஏறவில்லை. "நாமகிரிப்பேட்டையில எங்கூட்டு வாசல்ல இதுவரைக்கும் நாலு கார் நின்னிருக்குது. இது மாதிரி ஒண்ணு அமையலை."

"அப்புறம் ஏனுங்க வாரவங்ககிட்ட எல்லாம் குறையாவே சொல்றீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. மாதையன் வேட்டி முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்; பின்னாலேயே மயிலம்மாளும்.

"வெளிய நிக்குற அந்த உசரமான வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தேனுங்க. எங்க தடத்துக்கு அதுதான் சரி. எழுதிக்குங்க."

ஷாலினி தன் மேஜைக்கு விரைந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, புக்கிங் படிவத்தை எடுத்தாள்.

"மூணு ஷோரூம் ஏறி எறங்கிட்டோம்," என்றாள் மயிலம்மாள். "எல்லாப் பக்கமும் அவங்க வண்டி தங்கம்னாங்க. குறையைச் சொல்லறதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டிருக்கறது நீங்கதான்." கண்ணுசாமி பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இங்க எத்தனை வருசமா வேலை பாக்கறீங்க?"

கண்ணுசாமி சிரித்துவிட்டார்.

"நான் மஞ்சள் வெள்ளாமை பண்றவனுங்க. மூணு வருசத்துக்கு முன்னால இந்தச் சிவப்பு வண்டி மாடலைத்தான் வாங்க வந்தேன். அப்ப இங்க வேலைக்குச் சேந்து பத்து நாள் கூட ஆகாத ஒரு புள்ள, 'ஐயா, உங்க தோட்டத்துத் தடத்துக்கு இது ஆகாது, அடி தட்டும், பின்சீட்டுல அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும்'னு சொல்லுச்சு. அது சொன்னதைக் கேட்டு வேற மாடல் எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு மனக்குறை இல்லீங்க."

"அட," என்றாள் மயிலம்மாள்.

"தை மாசம் என் மச்சானைக் கூட்டிட்டு வந்தேன். அதே வண்டி, அதே புள்ள. ஆனா குறைன்னு ஒரு வார்த்தை வரலை. பாவம், என்ன நெருக்கடியோ. அதான் அது எனக்குச் சொல்லிக் குடுத்ததை, அதுக்குப் பதிலா வாரவங்ககிட்ட நான் சொல்லிட்டிருக்கேன்."

பேனா பிடித்திருந்த ஷாலினியின் கை அப்படியே நின்றது. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் புள்ள இப்ப இங்க இல்லீங்களா?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

கண்ணுசாமி பக்கத்தில் கிடந்த செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். ஷாலினி பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள். மாதையனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேனுங்க. நீங்க கேட்ட அந்த உசரமான வண்டி, விளம்பரத்துல சொல்ற மைலேஜ் குடுக்காதுங்க."