காலியான குளிரறை

"குளிரறையில ஒரு எலும்புத் துண்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. பக்கத்துல வர்ற கப்பலுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துடுங்க, பென்ரோஸ்."

தலைமை அதிகாரி அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார்.

போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலிலேயே எண்ணெயும் உணவும் வழங்கும் அந்தக் கப்பலின் கிடங்குப் பொறுப்பாளர் பென்ரோஸ், சமையல்காரன் எம்ரிஸைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஆறு வாரமா இறைச்சியைப் பூட்டி வெச்சவங்க, இன்னிக்கு ஏன் வாரி இறைக்கிறாங்க?" என்றான் எம்ரிஸ்.

"இதுகூடப் புரியலையா? இருபத்திரண்டு வருஷத்துல இந்த அறையை நான் காலி பண்ணினது ஊருக்குத் திரும்பறப்போ மட்டும்தான்யா. தீவுச் சண்டை முடிஞ்சுபோச்சு!"

அவர் மகன் காலின், 'ரெடிங்டன்' போர்க்கப்பலில் மாலுமி. பிளிமத் துறைமுகத்தில் மனைவி மேவிஸிடம், "அவனைக் கையோட கூட்டிக்கிட்டுதான் வருவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பிற்பகலில் ரெடிங்டன் பக்கவாட்டில் வந்து, நாற்பது கஜ இடைவெளியில் ஒரே வேகத்தில் ஓடியது. குழாய் வழியே எண்ணெய் பாய்ந்தது. வடத்தில் தொங்கியபடி ஆட்டுத்தொடைகள் போயின. எதிர்த் தளத்தில் எல்லோருக்கும் மேலாகத் தலை தெரிந்த நெட்டையன் காலின்தான். இரு கப்பல்களுக்கும் இடையே இழுத்திருந்த தொலைபேசியைப் பென்ரோஸ் கெஞ்சி வாங்கினார்.

"டேய், அவ்வளவையும் நீ ஒருத்தனே தின்னுடாதே!"

"ஆறு வாரமா வெறும் அவரைக்கொட்டைதானே அனுப்பினீங்க? இன்னிக்கு என்னப்பா, காய்ச்சலா?"

"ஊருக்குப் போறோம்டா! அம்மாவைப் பார்க்கப் போறோம். யார்கிட்டயும் சொல்லாதே."

மறு நிமிடமே எதிர்த் தளத்தில் ஆரவாரம் எழுந்தது, தொப்பிகள் பறந்தன.

"வாயில ஒண்ணும் நிக்காது, அவங்கம்மா மாதிரியே" என்று பென்ரோஸ் சிரித்தார்.

எண்ணெய் நிரம்பியதும் ரெடிங்டன் மேற்கே திரும்பியது.

"ஊரு வடக்கேல்ல இருக்கு?" என்றான் எம்ரிஸ்.

"மத்த கப்பல்களைக் கூட்டிட்டு வரப் போகுதுய்யா."

பென்ரோஸ் குளிரறையைத் தாமே சோப்புப் போட்டுக் கழுவினார். தரை காய்வதற்குள் தச்சர் மேக்லின் பலகைகளோடு நுழைந்து, சுவரை அளக்கத் தொடங்கினார்.

"ஊருக்குப் போற நேரத்துல எதுக்குய்யா அலமாரி?"

"ஊருக்கா? யார் சொன்னது? நாளைக்கு விடியறப்போ தீவுல படை இறங்குது. ரெடிங்டன்தான் முன்னால போகுது."

பென்ரோஸின் கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது. நிமிர்ந்து பாராமலே மேக்லின் முதல் பலகையைத் தரையில் கிடத்தினார்.

"விடியறதுக்குள்ள அறையைத் திரும்பக் குளிர வெச்சுடணும். கொஞ்சம் இதுல மல்லாந்து படுங்க, பென்ரோஸ். ஆள் நீளத்துக்குப் போதுமான்னு பார்த்துட்டு, மீதி ஐம்பத்தொன்பதையும் அறுத்துடறேன்."